மணிக்கட்டு மாஸ்டரின் வளைவு

மணிக்கட்டு மாஸ்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. அந்தக் கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாக யார் வந்து எதைக் கேட்டாலும் அவருடைய பதில் மணிக்கட்டில்தான் போய் முடியும். பந்து தூரம் போகவில்லையா, மணிக்கட்டு. மேலே எழும்பவில்லையா, மணிக்கட்டு. முதுகு பிடித்துக்கொண்டதா, அதற்கும் மணிக்கட்டுதான். ஒருமுறை, அங்கே வழக்கமாக வரும் பல் டாக்டர் பயிற்சிக்கு நடுவே, தன் மகன் கணக்கில் தேறவே மாட்டேன் என்கிறான் என்று அலுத்துக்கொண்டார். "பேனாவை எப்படிப் பிடிக்கறான்? மணிக்கட்டைக் கவனிச்சீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மனிதர் நிஜமாகவே கேட்டார்.

கோல்ஃப் என்றதும் பச்சைப் பசேலென்று மேடும் பள்ளமுமாக எதையாவது கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே பெயிண்ட் கிடங்குக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கும் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். ஒரு முனையில் தகரக் கூரை. கூரைக்குக் கீழே பதினான்கு பச்சை விரிப்புகள். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு ஆள் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் கூடையிலிருந்து பந்தை எடுத்து வைத்து, எதிரே இருக்கும் வெட்டவெளியைப் பார்த்து அடிப்பார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று கஜக் கணக்கு எழுதிய பலகைகள் தள்ளித் தள்ளி நிற்கும். குழி கிடையாது, கொடி கிடையாது, அடிப்பது மட்டும்தான். அலுவலகத்தில் யாரையும் அடிக்க முடியாதவர்கள் சாயங்காலம் இங்கே வந்து ஆற அமர அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த மைதானத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பெருமை உண்டு. பதினான்கு பேர் அடித்தால் பதினான்கு பந்தும் வலது பக்கம் வளையும். கிளம்பும்போது ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி வழியில் வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தது போல வலது பக்கம் திரும்பிவிடும். வலது பக்கம் பெயிண்ட் கிடங்கு. கிடங்குக்காரர் சண்டைக்கு வந்ததில் இருபது அடி உயரத்துக்கு வலை கட்டினார்கள். போதவில்லை, முப்பது அடியாக்கினார்கள். இப்போது நாற்பத்தைந்து அடி. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் உள்ளே ஏதோ மிருகம் வளர்க்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இந்த வியாதிக்கு மாஸ்டர் கண்டுபிடித்த மருந்து, குறியை இடது பக்கம் வைப்பது. இடது ஓரத்து வேலிக் கம்பத்தைப் பார்த்து அடித்தால், பந்து போய் வளைந்து வந்து நடுவில் விழும். அதற்கு 'நம்ம வளைவு' என்று பெயரும் சூட்டியிருந்தார். ஏன் வளைகிறது என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டுவிட்டால், "காத்து சார். இங்க காத்து அப்படி" என்பார். கூரையில் கட்டிய விளம்பரத் துணி அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வந்தவர் துணியைப் பார்ப்பார், மாஸ்டரின் மீசையைப் பார்ப்பார், நமக்கென்ன தெரியும் என்று வேலிக் கம்பத்தைக் குறிபார்க்க ஆரம்பித்துவிடுவார். வெளியூர்ப் போட்டிகளில் இந்தக் கூட்டத்துக்கு 'வலப்பக்கத்தார்' என்று பெயர். இவர்கள் அடிக்க நின்றால் வலது பக்கம் நிற்கிற ஆட்கள் தாமாகவே எழுந்து இடது பக்கம் போய்விடுவார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ரொம்பச் சின்னது. "மட்டையைத் தோளுக்கு மேல கொண்டு போனதும் இடது மணிக்கட்டைப் பின்னாடி மடக்குங்க. வலது மணிக்கட்டு நேரா இருக்கட்டும்." சொல்லிவிட்டு, வந்தவர் கையைப் பிடித்து மடக்கியும் வைப்பார். வலிக்கிறது என்றால், "வலிச்சாத்தான் சரி" என்பார்.

இந்தப் பாண்டித்தியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் தரைவிரிப்பு ஒட்டுகிறவர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர். கத்தியை வைத்து இழுத்தால் நூல் பிசகாது. அந்தப் பதினான்கு விரிப்புகளையும் ஒட்டுவதற்குத்தான் அங்கே வந்தார். மூன்றாம் நாள், அப்போது இருந்த பயிற்சியாளர் முதலாளியோடு வாய்த்தகராறு செய்துவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். பயிற்சிக்கு வந்த மூன்று பேர் மட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். அளவுகோலோடு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த இவர்தான் கண்ணில் பட்டார்.

"நீ ரெண்டு நாளா பாத்துட்டுதான இருக்க. வேற ஆள் வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லிட்டு இரு" என்றார் முதலாளி.

வேறு ஆள் வரவே இல்லை. வராததற்குக் காரணம், முதலாளி தேடவே இல்லை. சம்பளப் பட்டியலில் இன்றைக்கும் மாஸ்டரின் பெயருக்கு எதிரே 'தரைவிரிப்புப் பராமரிப்பு' என்றுதான் இருக்கிறது.

போன பயிற்சியாளர் ஒரே ஒரு படத்தை விட்டுப் போயிருந்தார். சுவரில் ஒட்டுகிற பெரிய தாள். முழங்கையிலிருந்து மட்டை வரைக்கும் தெரிகிற மாதிரி ஆறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி விளக்கம். முதலாளி சுவரில் ஈரம் பூத்த இடத்தை மறைக்கச் சொன்னதால், இவரே நாலு மரச்சட்டம் அறுத்து அந்தத் தாளை அங்கே அடித்து வைத்திருந்தார். மாஸ்டர் ஆன அன்று முதல் அதுதான் அவருடைய பல்கலைக்கழகம். எல்லோரும் போன பிறகு துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு எதிரே நிற்பார். படத்தில் இருக்கிற கையும் இவர் கையும் கண்ணாடியில் பார்ப்பது போலவே இருந்தன. கீழே எழுதியிருந்தபடி இடது மணிக்கட்டைப் பின்னால் மடக்கினார், வலதை நேராக வைத்தார். ஒரு வாரத்தில் மனப்பாடம். ஒரு மாதத்தில் மீசை வளர்த்துவிட்டார்.

எட்டு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் கிடங்குக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த லாரி மெக்கானிக், ஒரு சாக்கு நிறையப் பந்தோடு வந்து நின்றார். எல்லாம் வலைக்கு மேலே பறந்து போய் அவருடைய ஷெட்டில் விழுந்தவை. கூடவே பதினேழு வயதில் அவருடைய மகள். "இவ இந்தப் பந்தைத் திருப்பி இங்கயே அடிக்கறா. யாரு மண்டையிலயாவது பட்டுடப் போகுதுன்னு பயமா இருக்கு" என்றார். எதை வைத்து அடிக்கிறாள் என்று முதலாளி கேட்டார். முனையை வளைத்த இரும்புக் குழாயைக் காட்டினாள். சரி, இதை வைத்து அடி பார்ப்போம் என்று நிஜ மட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். பத்துப் பந்து அடித்தாள். பத்தும் நூற்றைம்பது கஜப் பலகையைப் பார்த்து, கோடு போட்ட மாதிரி நேராகப் போயின.

அந்த மைதானத்தில் இருந்தவர்கள் அதுவரை நேராகப் போகிற பந்தைப் பார்த்ததில்லை. முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று மாதத்தில் இளையோர் அணித் தேர்வு வருகிறது, அதற்கு இவளைத் தயார் செய்யுங்கள் என்று மாஸ்டரிடம் ஒப்படைத்தார்.

மாஸ்டருக்கோ அவள் கையைப் பார்த்ததும் ஆகவில்லை. மட்டை மேலே போகும்போது அவளுடைய இடது மணிக்கட்டு மடங்கவே இல்லை, பலகை வைத்துக் கட்டியது போல நேராக இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. பிடித்து மடக்கினார். அவள் விட்டால் நேராக்கிவிடுவாள், இவர் மறுபடியும் மடக்குவார். மூன்று மாதம் இந்தப் போராட்டம் நடந்தது.

"மாஸ்டர், முன்னாடி மாதிரி வச்சா நேரா போகுது" என்று ஒருநாள் சொன்னாள்.

"நேரா போறது முக்கியம் இல்லம்மா. முறைதான் முக்கியம்."

தேர்வு நாளன்று அவளுடைய பத்துப் பந்தில் ஏழு வலது பக்கத்து மரங்களுக்குள் போய் மறைந்தன. தேர்வாளர்கள் நோட்டை மூடினார்கள். மெக்கானிக் ஓடி வந்து மாஸ்டரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மணிக்கட்டுல வரம் இல்ல. அது பிறவியிலயே வரணும், நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

மெக்கானிக் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆறு வருடம் கழித்து மைதானத்தில் பந்துக் கூடை கொடுக்கும் கவுண்டரில் ஆள் தேவைப்பட்டபோது அவளே வந்து கேட்டாள். மாஸ்டர்தான் சிபாரிசு செய்தார். இன்றுவரை, "நான்தான் அந்தப் பொண்ணுக்கு வாழ்க்கை கொடுத்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். என்ன தைரியம் பாருங்கள்.

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பந்தைக் கழுவுவாள், எண்ணுவாள், கூடையில் போட்டுக் கொடுப்பாள். அவள் அப்பா இன்னமும் அதே ஷெட்டில் லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார்.

போன மாதம் முதலாளி எங்கேயோ போய்விட்டு, கண்ணெல்லாம் பளபளக்கத் திரும்பி வந்தார். மட்டை பந்தைத் தொடும் கணத்தை மெதுவாக்கிக் காட்டும் கேமரா ஒன்று இருக்கிறதாம். மட்டையின் முகம், அதாவது பந்தில் படுகிற பக்கம், எங்கே திரும்பியிருக்கிறது என்று டிகிரிக் கணக்கில் சொல்லிவிடுமாம். வாங்கிவிட்டார். திரையை எங்கே மாட்டுவது என்று பார்த்ததில் அந்தப் பழைய படம் இருந்த சுவர்தான் தோதாக இருந்தது. கேமரா ஸ்டாண்டுக்கு இரும்பு வேலை மெக்கானிக்குக்குப் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. மாஸ்டர், உங்களுக்கும் ஒரு நல்லது பண்ணிடலாம்னு இருக்கேன். தலைமைப் பயிற்சியாளர்னு போர்டு. பேரோட" என்றார் முதலாளி.

பேரோடு. இருபத்திரண்டு வருடம் தரைவிரிப்பாகவே இருந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூன்று தடவை சொன்னார். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் மூன்றாவது தடவை, "அந்தப் போர்டுல மணிக்கட்டுக்கும் ஒரு படம் போடச் சொல்லுங்க" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மாஸ்டர் படத்தைக் கழற்றப் போனார். தான் அடித்த சட்டத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று பிடிவாதம். ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கீழ்ச்சட்டம், பக்கத்துச் சட்டங்கள், கடைசியாக மேல்சட்டம். அது வந்ததும் தாளின் தலைப்பக்கம் வெளியே தெரிந்தது. சட்டம் அடித்த அன்றைக்குத் தாள் சட்டத்தைவிட இரண்டு விரற்கடை நீளம். தரைவிரிப்புக்காரருக்கு எழுத்தாவது ஒன்றாவது, மேல்சட்டத்தை அப்படியே அதன் மேல் வைத்து அடித்துவிட்டிருந்தார். அந்த இரண்டு விரற்கடையில் பெரிய எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: 'இடதுகை ஆட்டக்காரர்களுக்கு மட்டும்.'

மாஸ்டர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சட்டத்தை மறுபடி அதன் மேல் வைத்தார். எடுத்துப் பார்த்தார். எழுத்து மாறவில்லை.

விரிப்பில் உட்கார்ந்துவிட்டார். மண்டையில் ஏதோ ஒன்று மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. இடதுகைக்காரன் மறுபக்கம் நின்று அடிப்பவன். அவனுக்கு இடது கை பின்கை, பந்து போகிற திசைக்குப் பின்பக்கம் இருக்கிற கை. அது மடங்கலாம், மடங்கத்தான் வேண்டும். வலதுகைக்காரனுக்கு இடது கைதான் முன்கை, திசைக்கு முன்பக்கம் இருப்பது. முன்கையின் புறங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ மட்டையின் முகமும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். அதைப் போய்ப் பின்னால் மடக்கினால் முகம் கதவு மாதிரி வலது பக்கம் திறந்துகொள்ளும். பந்துக்கு வேறு வழி? அதுவும் வலது பக்கம்தான் வளையும். காற்றாவது மண்ணாவது.

இருந்தாலும் ஒரு சபலம். எழுந்து ஒரு மட்டையை எடுத்தார். பந்தை வைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக இடது மணிக்கட்டை நேராக வைத்து அடித்தார். கையில் அதிர்வே தெரியவில்லை, பந்து வெண்ணெயில் கத்தி இறங்கியது போலக் கிளம்பியது. நேராகப் போயிற்று. ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம், குறியை மட்டும் இடது ஓரத்து வேலிக் கம்பத்தில்தான் வைத்திருந்தார். பந்து அந்தக் கம்பத்துக்கு மேலே பறந்து, அதற்கு அப்பால் கார் நிறுத்தும் இடத்தில் முதலாளியின் காரிலிருந்த பக்கவாட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிற்று.

முதலாளி வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். "இருபத்திரண்டு வருஷமா இங்கதான் நிறுத்தறேன். இந்தப் பக்கம் ஒரு பந்து வந்ததில்லயே."

"பந்தா? புல்லு வெட்டற மெஷின்ல கல்லு கில்லு தெறிச்சிருக்கும் முதலாளி" என்றார் மாஸ்டர். மட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். முதலாளி நம்பிவிட்டு உள்ளே போனார். மாஸ்டர் சொல்வதை நம்பி நம்பி அவருக்கும் பழகிப்போயிருந்தது.

கவுண்டரில் மெக்கானிக் மகள் பந்துகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் ஒரு வாரமா எங்க அப்பா ஷெட்ல கிடக்கு மாஸ்டர்" என்றாள், தலையைத் தூக்காமலே. பிறகு, "மணிக்கட்டை நேரா வச்சீங்களா?" என்றாள்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தினமும் அப்படித்தான அடிக்கறேன். காலைல ஆறு மணிக்குப் பந்து எண்ண வருவேன். எண்ணி முடிச்சுட்டு ஒரு கூடை அடிப்பேன். நீங்க பத்து மணிக்குத்தான வருவீங்க."

"நேராவா போகுது?"

"எப்பவும் நேராத்தான் போச்சு. அந்த மூணு மாசத்தைத் தவிர."

மாஸ்டர் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பற்றிச் சொன்னார். சட்டத்தைப் பற்றி, இரண்டு விரற்கடையைப் பற்றி, எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னார். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒரு படமா?" என்றாள். "நான் என்னவோ பெரிய விஷயம் இருக்குன்னு நெனச்சேன் மாஸ்டர். எனக்குப் புரியாத ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன். இவ்வளவு வருஷமா. கடைசியில ஒரு படமா?"

"மன்னிச்சுடும்மா."

"எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே." மறுபடி ஒரு பந்தை எடுத்துத் துடைத்தாள். "எங்க அப்பாகிட்ட சொல்லுங்க. என் பொண்ணுக்கு வரம் இல்லன்னு அவர் இன்னும் நம்பிட்டு இருக்கார். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டார். ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டு மாட்ட வருவார். அன்னைக்கு நாலு பேர் முன்னாடிதான சொன்னீங்க, இதையும் நாலு பேர் முன்னாடியே சொல்லுங்க."

வீட்டில் மாஸ்டர் சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டிருந்தார். "ஒருத்தர் ஒரு விஷயத்தைத் தெரியாம தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டார்னு வச்சுக்கோ" என்று ஆரம்பித்தார்.

"அந்த ஒருத்தருக்கு இன்னும் கொஞ்சம் போடவா?" என்றாள் மனைவி.

முழுவதையும் கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. பல் டாக்டர், பாங்க் மேனேஜர், டைல்ஸ் கடைக்காரர் என்று அவரிடம் கற்றவர்களை ஒவ்வொருவராக நினைத்து நினைத்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இவங்க யாருக்கும் எதுவும் கெட்டுப் போகலயே" என்றாள்.

மாஸ்டர் அப்போதுதான் மெக்கானிக் மகளைப் பற்றிச் சொன்னார். மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு கையாலயா தினமும் கூடை வாங்கறீங்க?"

"சொன்னா போர்டு போயிடுமே."

"போகட்டும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டருக்கு அந்த மூன்று நாளும் நெருப்பின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு மனம். சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன என்று ஒரு மனம். போர்டு ஏற்கனவே வந்துவிட்டது, துணியால் மூடிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆள் இல்லாதபோது துணியைத் தூக்கி மூன்று முறை பார்த்தார். பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெருக்கியடித்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கூடைப் பந்து இலவசம் என்று முதலாளி அறிவித்திருந்தார். மெக்கானிக் சலவைச் சட்டை போட்டு, கையில் ஸ்பானரோடு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கேமராக் கம்பெனி ஆள் விசையை அழுத்தினார். முதலில் பல் டாக்டர் அடித்தார்.

"முகம் பதினொரு டிகிரி வலப்பக்கம் திறந்திருக்கு" என்றார் கேமராக்காரர்.

அடுத்து பாங்க் மேனேஜர். பன்னிரண்டு. டைல்ஸ் கடைக்காரர். பதினொன்று. நாலாவது ஆள், ஐந்தாவது ஆள். பதினொன்று, பதினொன்று. கேமராக்காரருக்கு வேர்த்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். லென்ஸைத் துடைத்தார். மெஷினில் ஏதோ கோளாறு, நாளைக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று முதலாளியின் காதில் சொன்னார். "புது சரக்குன்னாலே இப்படித்தான்" என்று டைல்ஸ் கடைக்காரர் அவரைத் தேற்றினார்.

நிலைமையைச் சமாளிக்க முதலாளி, "மாஸ்டர், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்.

மாஸ்டர் வாங்கினார். முதலாளிக்கு நன்றி சொன்னார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். கேமராக் கம்பெனிக்கு, மின்சாரத் துறைக்கு, வலை கட்டியவர்களுக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்ல ஆள் தீர்ந்துபோயிற்று. மெக்கானிக் வாய் லேசாகத் திறந்தபடி மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் மாஸ்டர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பு. இடது மணிக்கட்டைப் பின்னாடி மடக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். இடது கைக்காரங்களுக்குப் போட்ட படத்தைப் பாத்துக் கத்துக்கிட்டேன். எனக்குக் கோல்ஃப் தெரியாது." மெக்கானிக் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "இந்த மெக்கானிக் ஐயாவோட பொண்ணு பதினேழு வயசுல நேரா அடிச்சா. நான்தான் கையைப் பிடிச்சு மடக்கிக் கெடுத்தேன். மணிக்கட்டுல வரம் இல்லன்னு சொன்னேன். அது பொய். இந்த இடத்துல வரம் இருந்தது அவ ஒருத்திக்குத்தான்."

முதலில் கை தட்டியது பல் டாக்டர்.

"பாத்தீங்களா, இதுதான் பெரிய மனுஷத்தனம்" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "இவ்வளவு வருஷ அனுபவத்துக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல மனசு வேணும்."

"இல்ல சார், உண்மையாவே தெரியாது" என்றார் மாஸ்டர்.

கைதட்டல் இன்னும் பலமாயிற்று. பாங்க் மேனேஜர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். கவுண்டர் பெண்ணையும் மறக்காமல் பாராட்டினாரே என்று யாரோ மெச்சினார்கள். டைல்ஸ் கடைக்காரர் மட்டும் கிட்ட வந்து, "மாஸ்டர், தெரியாத்தனமா எதையும் மாத்திடாதீங்க. எல்லாரும் கம்பத்தைப் பாத்து நேரா அடிச்சா பந்து கார் மேல விழும்" என்றார். அது முதலாளிக்குச் சட்டென்று உறைத்தது. தன் கண்ணாடி போன விதமும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். மைக்கைப் பிடுங்கி, "நம்ம வளைவு நம்மகிட்டயே இருக்கும்" என்று அறிவித்துவிட்டு, போர்டின் துணியை ஒரே இழுப்பில் இழுத்தார். தலைமைப் பயிற்சியாளர், பேரோடு. பெயரைப் படித்துப் பார்த்தவர்கள், இவர் பெயர் இதுவா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

கூட்டம் கலைந்து கூடை வாங்கக் கவுண்டர் பக்கம் போயிற்று. மாஸ்டர் போர்டுக்குக் கீழே, செத்தவர் போல நின்றார். எல்லோரும் கை தட்டியபோது தட்டாமல் நின்ற ஒரே ஆள் மெல்ல அவர் பக்கத்தில் வந்தார்.

"நிஜமா மாஸ்டர்?" என்றார் மெக்கானிக்.

"நிஜம்."

மெக்கானிக் ஸ்பானரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தேர்வு அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியிலயே அவ சொன்னா. மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததுதான் தப்புன்னு. கத்துக் கொடுத்தவரையே குறை சொல்றியான்னு கை நீட்டிட்டேன். பஸ் ஸ்டாப்ல, அத்தனை பேர் பாக்க." கவுண்டர் பக்கம் பார்த்தார். "அதுக்கு முன்னாடி அவளை அடிச்சதில்ல. அப்புறமும் அடிச்சதில்ல. அந்த ஒரு தடவைதான்."

"என்னை அடிச்சுடுங்க" என்றார் மாஸ்டர்.

"உங்களை அடிச்சு நான் என்ன பண்ண?" என்றார் மெக்கானிக். குரலில் கோபம்கூட இல்லை.

ஸ்பானரை ஸ்டாண்டின் மேல் வைத்தார். கைகளைச் சலவைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். கவுண்டரில் நீளமாக வரிசை நின்றது. அவர் போய் அதன் கடைசியில் நின்றார். நீங்கள் ஸ்டாண்டு செய்தவர்தானே, முன்னால் போங்கள் என்று யாரோ வழிவிட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினார். அவருக்கு முன்னால் பதினாறு பேர் இருந்தார்கள். அவருடைய மகள் தலை நிமிராமல் ஒவ்வொருவருக்கும் கூடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.